பந்தல்குடிக்கு ஒரு டூர்

அம்மா கேக் செய்யத் தொடங்கியது யாரும் கேட்டதால் அல்ல. எண்பதுகளின் பாளையம்பட்டியில் பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுப்பதே பெரிய காரியம். அப்பாவின் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் கேக் செய்முறை இருந்தது. அதைப் படித்துவிட்டு, அகன்ற இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் மாவு ஊற்றிய டப்பாவை இறக்கி, தட்டால் மூடி, தட்டின் மேலும் கங்கு அள்ளிப் போட்டாள். முதல் கேக் அடியில் கரிந்து, நடுவில் கூழாக இருந்தது. நானும் தம்பியும் கரண்டியால் வழித்துத் தின்றோம்.

கை பழகிய பிறகு, தோன்றிய நாளில் செய்வாள். சீனியைப் பொடித்து அப்பாவின் பழைய வேட்டியில் சலித்து, வெண்ணெயோடு குழைத்து, காகிதக் கூம்பில் அடைத்துப் பிழிந்து படம் போடுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கோழி. ஒருநாள் வார் அறுந்த என் செருப்பு. வரைந்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வாள். சாயங்காலத்துக்குள் கோழியையும் செருப்பையும் தின்று தீர்த்துவிடுவோம். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது.

அந்தச் சமயம் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கடைக்கு வருவது குறைந்து, அப்பா வெறுமனே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கடைக்கு வந்த மில் ஆபீசர் ஒருவருக்கு, ஆசைக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். அவர் தின்று முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு வியாபாரம் வந்துவிட்டது.

முதலில் ஆபீசர் மகனுக்கு. பிறகு பேங்க் மேனேஜர் வீட்டுக்கு. அப்புறம் அருப்புக்கோட்டை டவுனில் இருந்தெல்லாம் ஆள் வந்தது. எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் வேண்டும்: நாலு மூலையிலும் ரோஸ் கலரில் ரோஜா, நடுவில் இங்கிலீஷ் வாழ்த்து. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பா தாளில் எழுதிக் கொடுக்க, அவள் அந்த எழுத்துகளைப் படமாகவே பார்த்து வரைந்தாள். ஒரு தடவை மனசு கேட்காமல், ஓரத்தில் சின்னதாக ஓர் ஆட்டுக்குட்டியையும் போட்டு அனுப்பினாள். மறுநாள் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆடு எதுக்கு வச்சீக, கோயிலுக்கு நேந்துவிட்டுருக்கான்னு கேக்குறாக."

அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தக் கேக்கிலும் ரோஜாவைத் தவிர வேறொன்றும் முளைக்கவில்லை.

முட்டையைக் கையால்தான் நுரை பொங்க அடிக்க வேண்டும். ஆர்டர் குவியும் சனி ஞாயிறுகளில் அம்மாவின் வலது தோள் மேலே எழும்பாது. எனக்குத் தலை பின்னிவிடும் வேலை எதிர்வீட்டு அக்காவிடம் போனது. அவள் பின்னும்போதெல்லாம், "ஒங்கம்மா கிட்ட வந்தாலே பேக்கரி வாசம் அடிக்குதுடி" என்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அம்மா கேக்கை வாயில் வைப்பதை விட்டிருந்தாள். எங்களுக்காக மிச்சம் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சித்திரை வெயில். ஏற்கனவே இரண்டு கேக்குக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, கை கழுவும்போது சொன்னார்.

"இந்தாரு, டாக்டர் வீட்டுலயும் ஒண்ணு கேட்டுருக்காக. ஆறு மணிக்கு வேணுமாம். முடியாதுன்னு எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்லலாம்ல" என்றாள் அம்மா.

அப்பா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, சிரித்தபடி சாப்பிட்டுவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

மூன்று கேக்கும் வெந்து ஆறின. ஆனால் அடுப்படிச் சூட்டில் வெண்ணெய் நிற்கவில்லை. அம்மா பிழிந்த ரோஜா மெல்ல நழுவி, கேக்கின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கத்தியால் வழித்துவிட்டு மறுபடி பிழிந்தாள். அதுவும் நழுவியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூம்பைக் கீழே வைத்து, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள்.

"வா, போயிட்டு வருவோம்."

"எங்கம்மா?"

"பஸ்ஸுல."

டவுன் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பந்தல்குடியில் இறங்கியதும், ரோட்டோரக் கடை பெஞ்சில் உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். லாரிகள் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன. நான் பாட்டிலைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன். வழக்கமாகத் தொடையில் கிள்ளுவாள். அன்றைக்கு வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. அம்மா பிறந்த ஊர் அந்த வழியில், எட்டயபுரம் தாண்டி இருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். படியில் ஒரு கால் வைத்தாள்.

"வெரசா ஏறுங்கம்மா" என்றார் கண்டக்டர்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "யம்மா, கேக்க மூடாம வந்துட்டோம். எறும்பு ஏறிரும்லம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். காலைக் கீழே எடுத்து வைத்தாள்.

"நீங்க போங்கய்யா" என்றாள் கண்டக்டரிடம்.

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

நாங்கள் வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா அடுப்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூட்டை தூக்கித் தடித்த விரல்களால் கூம்பைப் பிடித்துக் கடைசிக் கேக்கில் ரோஜா பிழிந்துகொண்டிருந்தார். அது கத்தரிக்காய் போல இருந்தது. மற்ற இரண்டும் எப்படியோ கேட்டவர்கள் வீட்டுக்குப் போயிருந்தன. அவர் சட்டையெல்லாம் ரோஸ் கலர். தம்பி மூலையில் விசும்பிக்கொண்டிருந்தான்.

"எங்க போனீக?" என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "டூர் போனோம்ப்பா! பந்தல்குடிக்கு! ரெண்டு கலர் குடிச்சேன். அம்மாச்சி ஊரு பஸ்ஸுல ஏறப் போனோம், அப்புறம் ஏறல."

அப்பா கூம்பைக் கீழே வைத்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, அந்தக் கத்தரிக்காயை வழிக்கத் தொடங்கினாள். திட்டும் இல்லை, அழுகையும் இல்லை. டாக்டர் வீட்டுக்குக் கேக் நேரம் கழித்துத்தான் போனது.

அத்தோடு வியாபாரம் நின்றுவிடவில்லை. நாங்கள் படிக்க வேண்டியிருந்தது. மழையும் ஒழுங்காகப் பெய்யவில்லை. நான் காலேஜ் போகும் வரை அம்மா ரோஜா பிழிந்தாள். ஆனால் எனக்கு அந்த டூர் மறக்கவில்லை. வேலை குவிந்திருந்த நாளில்தானே கூட்டிப் போனாள்? அதனால் வேலை குவிந்த நாளெல்லாம் ஆசையோடு கேட்பேன்: "யம்மா, இன்னைக்கு டூர் போவமா?"

அம்மா முட்டையை இன்னும் வேகமாக அடிப்பாள். அப்பா காதில் அது விழுந்துவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சோற்றைக்கூட விட்டுவிட்டு எழுந்து சட்டையை மாட்டுவார். யாருக்கோ முடியாது என்று சொல்ல, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பிப் போவார். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் ஊர் சுற்றப் பிடிக்காது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.