உயிரோடிருக்கும் அருளப்பனுக்கு ஆன்ம இளைப்பாற்றி

பேசாலையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் றம்ஸீன், முக்கியமான செய்தி என்றால் மட்டும் கிளாஸ் கழுவுவதை நிறுத்துவார். அன்று நிறுத்தினார்.

"ஓலைத்தொடுவாய் பெனடிக்ற் அண்ணன் இருக்கிறாரே, பழைய சங்கக்கடை மனேஜர், அவர் உயிரோட இருக்கிற அருளப்பனைச் செத்த ஆக்கள்ற லிஸ்டில போட்டு ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுறாராம்."

"சும்மா கதை," என்றேன்.

"என்ன சும்மா? மூண்டாம் நாளே அருளப்பனுக்குக் காய்ச்சலாம்."

வாங்கில் இருந்த ஒருவர் காய்ச்சல் இல்லை, சைக்கிளால் விழுந்தது என்று திருத்தினார். இன்னொருவர் காரணமே சொன்னார்: சங்கக்கடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அளவில் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை, நாற்பது வருடம் பொறுத்திருந்து இப்போது செபத்தால் தீர்க்கிறாராம். நான் பிளேன்ரீயைக் குடித்து முடிப்பதற்குள் அருளப்பனுக்குக் காய்ச்சல், விழுந்த காயம், நெஞ்சுவலி எல்லாம் வந்துவிட்டன. அடக்கம் செய்வதற்கு முன் ஆளைப் பார்த்துவிடுவது நல்லது என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீதியில் படுத்திருந்த கழுதைகள் தங்களுக்கு வசதியான நேரத்தில் எழும்பி வழிவிட்டதால் போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடித்தது.

அருளப்பன் வீட்டு வாசலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு, ஒரு முழு மாம்பழத்தைத் தோலோடு சப்பிக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. காய்ச்சல் கண்ட ஆள் அப்படிச் சப்ப முடியாது.

"வாங்கோ, வாங்கோ. செத்த வீட்டுக்குத்தானே வந்தனீங்கள்? இருங்கோ."

அவர் சொன்னபடி, வதந்தி ஓலைத்தொடுவாயில் பிறக்கவில்லை, கட்டாரில் பிறந்தது. பெனடிக்றின் மகன் மில்ரன் அங்கே வேலை செய்கிறான். தகப்பன் வீட்டில் மாலைச் செபம் தொடங்கும்போது மில்ரனும் வீடியோ அழைப்பில் வருவான். படத்தை நிறுத்திவிட்டு, தன் பக்கத்துச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு, போனைக் கட்டிலில் வைத்து உடுப்புத் தோய்க்கப் போய்விடுவான். போனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் அறைத் தோழன் டிலுக்சன், இதே ஊர்ப் பெடியன். மரித்தோர் பெயர்களில் அருளப்பன் என்று கேட்டதும் துள்ளி எழுந்து தாய்க்கு அழைத்து, "அம்மா, அருளப்பன் மாமா எப்ப செத்தவர்? ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று அழுதிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் செய்தி கடல் கடந்து திரும்பி வந்தது.

"ஆறு பேர் போன் எடுத்தவங்கள்," என்றார் அருளப்பன். "அதில ரெண்டு பேர், நான்தான் கதைக்கிறன் எண்டு சொல்லியும் நம்பேல்ல. ஒருத்தி, 'சரி அண்ணை, வீட்டில ஆரும் பெரியாக்கள் நிண்டாக் குடுங்கோ' எண்டாள்."

"கோவமோ?"

"கோவமில்லாமலோ? எனக்கு வேண்டாமெண்டு சொல்லேல்ல. நேரம் வரேக்க சொல்லட்டும். இண்டைக்குப் பின்னேரம் வந்து காதால கேளுங்கோ எண்டு சுதர்ஷினி கூப்பிட்டிருக்கிறாள். போறன். நீங்களும் வாங்கோ, சாட்சிக்கு."

சுதர்ஷினி மில்ரனின் மனைவி, முன்பள்ளி ஆசிரியை. முன்பள்ளி ஆசிரியைகள் பொய்யைச் சகிக்க மாட்டார்கள். பின்னேரம் நான் பெனடிக்றின் வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆர் சொன்னது இந்தக் கதையை? நான் ஒவ்வொரு நாளும் முழங்காலில நிக்கிறன். மாமா அப்பிடிச் சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதோ? றொஷேலுக்குக் கேட்டிருக்காதோ?"

உயர்தரம் படிக்கும் மகள் றொஷேல், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கேட்டிருக்கும்" என்றாள். என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பின்வளவில் வேப்பமரத்தடியில் பெனடிக்ற் தனியாக இருந்தார். எழுபத்தேழு வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. மாலைச் செபத்துக்குச் சட்டை போடாமல் நிற்பவர்களை அவர் சங்கக்கடையில் வரிசை குலைத்தவர்களைப் பார்த்த அதே பார்வையில்தான் பார்ப்பார். முப்பத்தொரு வருடம் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் அளந்தவர். ஊரில் யாருக்கு எத்தனை பிள்ளை என்பதைத் தாய்மார் மறந்தாலும் அவர் மறந்ததில்லை. ஒரு பழக்கத்தையும் விடாதவர். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவார். வெளிக்கிடும்போது மணிக்கூட்டைப் பார்த்து, போகிற இடத்தையும் வருகிற நேரத்தையும் சொல்லிவிட்டுத்தான் போவார், கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

"இண்டையிலிருந்து எனக்கு ஓய்வு," என்றார்.

என்ன ஓய்வு? மாலைச் செபத்தில் செபமாலை முடிந்ததும் மரித்தோரின் பெயர்கள் வரும். அறுபத்து மூன்று பெயர், பெயருக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். எல்லாம் பெனடிக்றின் நினைவிலிருந்து. இந்த அறுபத்து மூன்று முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தொலைக்காட்சி நாடகம் பாதி போய்விடும், றொஷேலின் சூம் வகுப்பு தொடங்கிவிடும், கட்டாரில் மில்ரனின் உடுப்பும் காய்ந்துவிடும். அதோடு அவர் இடையிடையே நின்றுவிடுகிறார் என்பது சுதர்ஷினியின் குறை. ஆகவே குடும்பம் கூடி முடிவெடுத்தது: பெயர்களைப் போனில் ஏற்றுவது, றொஷேல் மளமளவென்று வாசிப்பது, எல்லாருக்கும் சேர்த்து முடிவில் மூன்றே மூன்று அருள் நிறைந்த மரியே. போன ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ற் சொல்லச் சொல்ல றொஷேல் போனை அவர் முன்னால் பிடித்தாள். போன் கேட்டுக் கேட்டுத் தானே எழுதிக்கொண்டது. இன்று முதல் நாள்.

"நான் மறந்துபோய் நிக்கிறேல்ல தம்பி," என்றார் மெதுவாக. "நடந்து போறன். களைச்சா நிக்கத்தானே வேணும்."

அப்போதுதான் அந்த விஷயம் தெரிந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஊரே போரால் இடம்பெயர்ந்து மடுக் கோயில் வளவில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தபோது நவம்பர் மாதம் வந்தது. மரித்தோர் திருநாளுக்குச் ஊர்ச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்த வழியில்லை. பெனடிக்ற் கண்ணை மூடிக்கொண்டு ஊர்க் கோயிலடியிலிருந்து கடற்கரை வரை மனதுக்குள் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொன்னார். தார்ப்பாய்க்குள் இருந்த எல்லாரும் சேர்ந்து நடந்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அவர் நடையை விடவில்லை. அவர் நடக்கிற ஊரில் தென்கரைக் காற்றாலைகள் இன்னும் முளைக்கவில்லை. இடிந்த வீடுகளுக்கு அங்கே ஓடு இருக்கிறது.

"ஒரு கிழமை நடக்காமல் விட்டனோ, றோட்டு மூடிப்போடும். பிறகு அவங்களிட்டப் போக எனக்கு வழி தெரியாது. இதுதான் என்ர பயம். அருளப்பன்ர கதை எனக்கு விளங்கேல்ல. அவனை நான் ஏன் சாக்காட்டுறன்? மண்ணெண்ணெய்ச் சண்டையில பிழை என்னிலதான்."

ஏழு மணிக்கு மின்விசிறியை நிறுத்தினார்கள், மெழுகுதிரி அணையாமல் இருக்க. அருளப்பன் வெள்ளைச் சட்டையோடு வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார். முழங்கால் வலி என்று சொன்னாலும், செத்தவருக்குக் கதிரை கொடுப்பது மரியாதை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மில்ரன் கட்டாரிலிருந்து வந்தான். வழக்கத்துக்கு மாறாக முகமும் தெரிந்தது, பக்கத்தில் டிலுக்சனின் பாதி முகமும் தெரிந்தது. செபமாலை முடிந்தது. பெனடிக்ற் பழக்கதோசத்தில் வாயைத் திறந்தார். சுதர்ஷினி, "மாமா, றொஷேல் வாசிப்பாள்" என்றாள். வாயை மூடினார். அந்த வாய் மூடியதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் நாடகம் முக்கியமில்லாமல் போயிருக்கும்.

றொஷேல் வாசித்தாள். போன் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தது.

"அந்தோனி. அந்தோனி. அந்தோனிப்பிள்ளை."

"எந்த அந்தோனி?" என்றார் பெனடிக்ற்.

"அப்பப்பா, பேசாதேங்கோ. அருளப்பன்."

றொஷேல் அடுத்த பெயருக்கே போய்விட்டாள். "ஆரோக்கியம்..." என்றவள், முன்னால் இருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து நின்றாள்.

"நான் அப்பவே சொன்னனானே!" என்று கட்டாரிலிருந்து டிலுக்சன் கத்தினான்.

சுதர்ஷினியின் முகம் எலுமிச்சம்பழம் கடித்தது போல் ஆகியது. பதினான்கு நாள் அவள் முழங்காலில் நின்றிருக்கிறாள், பதினான்கு நாளும் அந்தப் பெயருக்கு வாய் பிசகாமல் மறுமொழி சொல்லியிருக்கிறாள். அவள் மட்டுமா? முழுக் குடும்பமும் சொல்லியிருக்கிறது. பத்தாவது பெயருக்குப் பிறகு அந்த வீட்டில் விழித்திருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நிறுத்த முடிவெடுத்திருந்தார்கள்.

அந்த ஒருவர் கண்ணை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் அசைந்தன. நடக்கிறார் என்று எனக்கு விளங்கியது. கோயிலடி, கிணற்றடி, ஒழுங்கை முகப்பு...

"அருளப்பு," என்றார் கண் திறக்காமலே. "நீ இப்ப இருக்கிற வீடு ஆற்ற?"

"என்ர அண்ணன்ர. என்ர வீட்டை மகளுக்குச் சீதனமாக் குடுத்துப்போட்டு இங்க வந்து இண்டையோட பதினஞ்சு நாள். உங்களுக்குத் தெரியுந்தானே."

"வாசல்ல கதிரை போட்டு இருக்கிறாய்."

"ஓம். காத்துக்கு."

"அதுதான்ரா! ஒவ்வொரு நாளும் அந்த வாசலுக்கு வாறன், நீ இருக்கிறாய். உன்ர பேரைச் சொல்லிப்போட்டுப் போறன்." கண்ணைத் திறந்தார். "அங்க நிக்க வேண்டியது தொம்மை. உன்ர அண்ணன். பதினாலு நாள் அவனை வெளியில விட்டிட்டன்."

அருளப்பன் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார், முழங்கால் வலியை மறந்து. தன்னைச் சாகடித்ததற்கு வராத கோபம் இதற்கு வந்தது.

"என்ர அண்ணனுக்குப் பதினாலு நாள் ஒண்டுமில்லையோ? கலியாணம் கட்டாத மனுசன், பிள்ளை குட்டி இல்லை, உங்களைத் தவிர ஆர் அவருக்குச் சொல்லுறது?"

"நீ சொல்லுறேல்லையோ?"

அருளப்பன் திரும்ப அமர்ந்தார். "நான்... நீங்கள் சொல்லுறியள்தானே எண்டு இருந்திட்டன்."

றொஷேல் சமாதானம் செய்யப் பார்த்தாள். "அருளப்பன் மாமா, நான் இப்பவே அழிச்சுப்போட்டு மற்றவரைப் போடுறன். ஒரு செக்கன்."

"அதை அங்கால வை பிள்ளை," என்றார் அருளப்பன். "அது கதிரையில இருக்கிற ஆளைப் பாத்தும் செத்தவன் எண்டுது. இவரெண்டாலும் வாசல் வரைக்கும் வந்தவர். இவரே சொல்லட்டும். சுதர்ஷினி, இவர் சொல்லாட்டி நான் டிலுக்சனிட்டச் சொல்லி உலகம் முழுக்க அறிவிப்பன், ஒருத்தரும் செபத்தைக் கேக்கிறேல்ல எண்டு."

சுதர்ஷினிக்கு வேறு வழி இருக்கவில்லை. "மாமா, தொடங்குங்கோ" என்றாள். குரலில் கோபம் குறைவாகவும் வெட்கம் கூடுதலாகவும் இருந்தது.

பெனடிக்ற் கோயிலடியிலிருந்து புறப்பட்டார். முதல் தரம் வீட்டில் எல்லாரும் பெயர்களைக் கேட்டார்கள். கேட்டால் சுவாரசியம்தான்: வேலி வழக்குக்காக நீதிமன்றம் ஏறிய இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வந்தார்கள், பெனடிக்ற் இடையில் கொஞ்சம் மூச்சு விட்டார். மனைவி லூர்தம்மாவின் பெயருக்குக் குரலை இறக்கினார். அருளப்பனின் ஒழுங்கைக்கு வந்ததும் தயங்கினார். முன்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு இருமல் வந்தது. "தொம்மை" என்றார். விடுபட்ட பதினான்கையும் அங்கேயே நின்று ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நாடகம் முழுவதும் போய்விட்டது. றொஷேலின் ஆசிரியர் சூமில் அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருப்பார். செபம் முடிந்ததும் பெரியவர்களுக்குச் சொல்லும் தோத்திரத்தை அவள் கைகூப்பி அப்பப்பாவுக்குச் சொன்னாள், மில்ரன் கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினான். இரண்டையும் பெனடிக்ற் ஏற்றுக்கொண்டார்.

இப்போது ஏழு மணிக்கு அருளப்பன் தவறாமல் வருகிறார். தன் வாசல் வரும்போது இருமுவது அவர் வேலை. கூலி ஒரு கோப்பை பிளேன்ரீயும், சீனி கேட்டால் கிடைக்கும் முறைப்பும்.

ஆனால் ஒரு விஷயம் தீரவில்லை. உயிரோடிருக்கும் அருளப்பனுக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பதினான்கு அருள் நிறைந்த மரியே யாருடையது? நான் கடைசியாகப் போன அன்றும் அதுதான் பேச்சு.

"அது உனக்கு அட்வான்ஸ்," என்றார் பெனடிக்ற். "நீ செத்தாப் பிறகு முதல் பதினாலு நாள் உன்ர வாசல்ல நிக்காமல் போவன்."

"முதல் பதினாலு நாள்தானே அண்ணை அவசரம்! கடைசியில கழியுங்கோ."

"கடைசி எது?"

"சரி, நீங்கள் முந்திப் போனா?"

"அப்ப நீ எனக்குப் பதினாலு திருப்பித் தரவேணும்."

"நான் கேக்காமலே தந்ததுக்கு நான் ஏன் திருப்புறது?"

பங்குச் சுவாமியிடம் கேட்டார்களாம். அவர் கோயில் திருநாள் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். திருநாள் முடிந்து கொடியும் இறக்கியாயிற்று. பதினான்கும் இன்னும் அப்படியே நிற்கின்றன.