ஊஞ்சலை மூடிய கொடி

மெர்கோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே ஒரு திடல் இருந்தது. திடல் என்று நகராண்மைக் கழகம்தான் சொல்லிக்கொண்டது. எங்களுக்கு அது லாலாங் புல் காடு. ஊஞ்சலும் சறுக்கு மரமும் இடுப்பளவு புல்லுக்குள் நின்றன. அதைப் பராமரிக்கத் தற்காலிக ஆளாக வந்து சேர்ந்தவர் என் தாய்மாமன். அதுவரை சுங்கை லாலாங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர். நகர வேலை நிரந்தரமானால்தான் மாமாவுக்குப் பெண் தருவதாகப் பெண் வீட்டார் பேச்சு. அதனால் அந்தப் புல்லின் மேல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது.

வெட்ட வெட்ட லாலாங் முளைத்தது. மாமாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கடியில் ஒருவகைப் பயற்றுக்கொடியைப் படரவிடுவார்கள். அது மண்ணை மூடிக்கொண்டால் லாலாங் தலைகாட்டாது. அந்த விதையைக் கொண்டுவந்து திடலெங்கும் தூவினார். லாலாங் உண்மையிலேயே செத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக்கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம மச்சான் கைராசி அப்படிலா!" என்றார். மழைக்காலம் வரும்வரை அதை யாரும் மறுக்கவில்லை.

ரப்பர் மர நிழலில் அடங்கிக் கிடந்த கொடிக்கு எங்கள் திடலில் முழு வெயிலும் கிடைத்தது. மழையும் சேர்ந்ததும் அது ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து ஏறி, சறுக்கு மரத்தையும் விழுங்கியது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உள்ளே புகுந்துகொண்டால் அம்மா கூப்பிடுவதுகூடக் கேட்காது. மாமா மட்டும் சிரிப்பை மறந்து தினமும் கொடியை அரிந்துகொண்டிருந்தார். அரிந்த இடத்தில் அது இன்னும் செழித்தது.

வேலையை நிரந்தரமாக்குமுன் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஊஞ்சல் எங்கே என்று தேடினார். இந்தக் கொடி எப்படி வந்தது என்று கேட்டார்.

"தானா முளைச்சது, துவான்" என்று மாமா மலாயில் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் நின்ற அப்பா பெருமை தாங்காமல் முன்னால் போய்விட்டார். விதை எங்கிருந்து வந்தது, யார் தூவியது, லாலாங் எப்படிச் செத்தது என எல்லாவற்றையும் தமக்குத் தெரிந்த மலாயில் ஒப்பித்தார். அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதைப் பாராட்டு என்றே அப்பா எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் மாமா தோட்டத்துக்கே திரும்பினார். "விடுக்கா, அங்க எனக்கு வேல இருக்குலா. நீ ஏன் அழுவுற?" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா மாமாவின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை தாமே தூக்கிப் போனார். பசாரிலிருந்து அம்மா கூடை சுமந்து வரும்போது கைவீசி நடக்கிறவர் அவர்.

பெட்டி அவ்வளவு கனமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அம்மா அதை என் கண் முன்னால்தான் அடுக்கியிருந்தாள். உள்ளே இரண்டு சட்டையும் ஒரு கைலியும்தான் இருந்தன.