பைலட் சாகாத படம்

புது விண்வெளிப் படம் ஊற்றிக்கொண்டது என்று இரண்டாம் நாளே எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என் அலுவலக வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு காரணம். புது நடிகருக்குப் பழைய பைலட்டின் திமிர் வரவில்லை என்றார் ஒருவர். கொஞ்ச நாள் பொறுத்தால் போனிலேயே வந்துவிடும், இதற்காக யார் மாலுக்குப் போய் பார்க்கிங் தேடுவது என்றார் இன்னொருவர். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எழுதியதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. "இது பைலட்டோட சின்ன வயசுக் கதை. மூணாவது படத்துலதான் அவன் சாவான்னு ஊருக்கே தெரியும். அப்ப இதுல சாக மாட்டான். அப்புறம் எதுக்குப் பதறிக்கிட்டுப் பாக்கணும்?"

அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் போடவில்லை. அவன் சாக மாட்டான் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் படத்துக்கு நான் இரண்டு டிக்கெட் எடுப்பதாக இருந்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று, ஆறு வருடமாக என்னோடு பேசாமல் இருந்த என் தோழிக்கு.

அவளும் நானும் ஒரே ஆபீஸ் கேபில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனவர்கள். தொம்மலூரில் நான் முதலில் ஏறுவேன். விவேக் நகரில் அவள். மற்ற இருவர் கோரமங்கலாவில் ஏறுவார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர அதற்கும் மேல். அந்த வண்டியில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம், மேலதிகாரியைத் திட்டினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் பேசினோம். அதிலும் அந்த விண்வெளிப் படங்கள். ஓட்டை உடைசலான ஒரு விண்கலம், அதற்கு அக்கா கேப்டன், தம்பி பைலட். பின்னால் எதிரி சுட்டுக்கொண்டு வருவான், இவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. "எங்க வீட்டுப் பிசாசு மாதிரியே இருக்கான்டி," என்பாள் பைலட்டைப் பார்த்து.

எங்கள் வண்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. நாலு பேரும் பார்த்து முடிக்கிற வரை யாரும் கதையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவர் எல்லோருக்கும் தட்டு அகலத்துக்கு இருக்கும் தட்டே இட்லி வாங்கித் தர வேண்டும். டிரைவரும் அதில் சேர்த்தி. அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டே முதல் இரண்டு படங்களும் அவருக்கு மனப்பாடம். திங்கட்கிழமை கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்து, "ஏனு மேடம், பிக்சர் ஹெங்கித்து?" என்று கன்னடத்தில் படம் எப்படி எனக் கேட்பார். யாராவது ஒருவர் பார்க்காமல் இருந்தால் மூவரும் ஊமையாக உட்கார்ந்திருப்போம். அந்த ஊமைத்தனம்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு படம் வரும். வரும்வரை பழையதையே அரைத்துக்கொண்டிருப்போம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒன்று வருகிறது, நடுவில் தொடர் வேறு. காத்திருக்க விடாத படத்துக்கு யார் அடித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள்? என்னைக் கேட்டால் அது முதல் காரணம்.

இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் அவளுடைய தம்பி போய்விட்டான். ஓசூர் ரோட்டில், பைக் விபத்தில். மாதா கோயிலில், அடக்கப் பூசையில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரம் கழித்து அவள் திரும்ப வண்டியில் ஏறியபோது நான் சில்க் போர்டு சிக்னல் நெரிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது படம் வந்தது. என் வீட்டுக்காரரின் ஆபீசில் முதல் நாளே டிக்கெட் எடுத்திருந்ததால் நான் பார்த்துவிட்டேன். அதில், அக்காவின் கப்பல் தப்ப வேண்டும் என்று பைலட் தன் சின்னக் கலத்தை எதிரியின் மேல் விட்டுச் செத்துப்போகிறான். மறுநாள் இவளோடு மறுபடியும் போனேன். தம்பி போன பிறகு அவள் சந்தோஷத்துக்காக வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் படம் இப்போது வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். நானோ சட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மூச்சு விடாமல் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனம் எங்கள் வண்டிக் கூட்டத்துக்கு மட்டும்தான் வரும்.

அந்தக் காட்சி வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். படிக்கட்டில் பிடித்தேன்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சே கூட்டிட்டு வந்தே," என்றாள்.

"கதையச் சொல்லக் கூடாதுன்னுதானே…" என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். பிறகு நோய்க்காலம் வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். கேப் நின்றது. அவள் கம்பெனியும் மாறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பைலட்டின் சின்ன வயசுக் கதையான இந்தப் படம் வந்த வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பெயர்ப்பட்டியலின் கடைசி வரி ஓடும்வரை உட்கார்ந்து பார்த்தேன். யாரும் சாகவில்லை. பைலட்டின் நாய்க்குட்டிகூடப் பிழைத்துக்கொள்கிறது. மறுவாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"சொல்லுங்க," என்றாள். அந்த 'ங்க' சுருக்கென்றது.

"பைலட் படம் ஒண்ணு வந்திருக்கு. நான் முழுசா பாத்துட்டேன். இதுல யாரும் சாகல. பாத்துட்டுத்தான் கூப்பிடறேன்."

எந்த மால் என்று கேட்டாள். பிறகு, "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வரேன்," என்றாள்.

வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என் திட்டம் மிகச் சுலபமானது. இருட்டில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், பேச வேண்டியதில்லை. விளக்கு எரியும்போது பேச்சு தானாக வந்திருக்கும். பழையபடி படம் எங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன்.

டிக்கெட்டைக் காட்டியதும் தியேட்டர் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "ஷோ கேன்சல் ஆகிதே மேடம். ஜனரே இல்ல." எங்கள் இருவரைத் தவிர அந்தக் காட்சிக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. இரண்டு பேருக்காக ஓட்ட மாட்டார்களாம். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். பக்கத்து அரங்கில் ஒரு பேய்ப்படம் இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டார். படம் காற்று வாங்குகிறது என்று எல்லோரும் எழுதியபோது எனக்கு அது வெறும் செய்திதான். இப்போது அது என் திட்டத்தையே கவிழ்த்துவிட்டது.

சாப்பாட்டுக் கடைகளுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரில் போஸ்டர். பைலட் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல அக்கா இல்லியா?"

"இல்ல. அவ வேற கிரகத்துல படிக்கிறா."

"அப்புறம் எப்படி ஓடும்? அவன் பண்ற கூத்துக்குத் திட்டறதுக்கு ஒருத்தி வேணாமா?"

அத்தனை பேர் எழுதிய காரணத்திலும் இது ஒன்றுதான் சரி என்று எனக்குப் பட்டது. ராக்கெட்டையும் வெடியையும் பார்க்கவா நாங்கள் போனோம்? அந்த இருவரின் சண்டையைப் பார்க்கத்தான் போனோம். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பெரிதாக எடுத்து வைத்திருந்தார்கள்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்," என்றேன்.

"படத்துக்காகவா நான் ஆறு வருஷம் பேசாம இருந்தேன்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "பைலட்டு எந்த சுவிட்ச அமுக்கினான், ஏன் அமுக்கினான்னு மாசக்கணக்கா பேசுவோமே. என் தம்பியப் பத்தி ஒரு நாளாவது கேட்டியாடி?"

கிளறக் கூடாது என்று இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. கேட்டால் அழுவாளே, அதை எப்படிச் சமாளிப்பது என்று பயந்தேன். அவ்வளவுதான்.

"இப்பக் கேக்கறேன். அன்னிக்கு என்ன நடந்துது?"

"நடந்தத நீயும்தான பாத்தே," என்றாள். "சட்டைல பட்டன் பிஞ்சிருச்சு, தெச்சுக் குடுன்னான். நேரமாச்சு போடான்னு வண்டில ஏறிட்டேன். சட்டையக் கைல தூக்கிக்கிட்டு பனியனோட கேபு பின்னாடியே ஓடி வந்தான்."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. எத்தனையோ தடவை அதை நினைத்து எனக்குள் சிரித்திருக்கிறேன். தெருமுனை வரை ஓடி வந்து, முஷ்டியை ஆட்டிக் கத்திக்கொண்டு நின்ற பையன். கேப் நாட்களின் நூறு வேடிக்கைகளில் ஒன்றாக அதையும் வைத்திருந்தேனே தவிர, எந்த நாள் என்று யோசித்ததே இல்லை.

"அது அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான். சாயங்காலம் போன் வந்துச்சு. அத வீட்ல நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உனக்கு மட்டும்தான் தெரியும். நீ கேப்பேன்னு தினமும் வண்டில காத்துக்கிட்டிருந்தேன்."

"அன்னிக்கு நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டேன்.

"சிரிச்சே," என்றாள். "நானும்தான். சில்க் போர்டு வர வரைக்கும் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போனோம்."