சுனாமி அன்றைக்கு ஓடிய சலீம் பாய்

"அத்தா மௌத்தாயிட்டாங்கக்கா..."

சலீம் பாய் இறந்துவிட்டார் என்று அவர் மகன் இப்போதுதான் போன் செய்தான்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தைக்கூடச் சமாளித்துவிடுவார், நடைதான் படுத்தி எடுத்தது. கடை வாசற்படிக்கு வந்தால் போதும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "கொஞ்சம் இரும்மா, இஞ்சின் ஸ்டார்ட் ஆவல" என்று சிரிப்பார்.

2004-இல் நான் பாண்டிச்சேரியில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு பார்க்கின்சன் மாதிரி வரவைத்து, அவை எப்படி நடக்கின்றன என்று பார்க்கிற வேலை. பாதத்தில் கலர் மை தடவி, வெள்ளைப் பேப்பரில் நடக்கவிட்டு, அடிக்கு அடி எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளப்போம். இதற்கா இவ்வளவு படிப்பு என்று ஊரே சிரித்தது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. வாரக் கடைசியில் நான் ஊருக்கு வந்ததுமே கூப்பிடுவார். "எலி டாக்டரம்மா, உன் எலிங்க எப்படி நடக்குதுங்க?"

ஒருமுறை அந்தப் பேப்பர் ஒன்றைக் காட்டினேன். நெருக்கி நெருக்கி, இழுத்து இழுத்து வைத்த குட்டிப் பாதங்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாவம்மா அதுங்க" என்றார்.

அப்புறம் அந்த டிசம்பர்... ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் வந்தபோது பாய் ஓடினார்.

நானே பார்த்தேன். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கும் முன்னால், உப்பளத்து மேடு வரைக்கும் ஓடினார். மேட்டில் ஏறி நின்ற பிறகு ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

கடை போய்விட்டது. அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்டது வேறு.

"அன்னிக்கு எப்படிம்மா ஓடினேன்? அந்தக் காலு எனக்குள்ளதானே இருக்குது? உங்க சாருங்ககிட்ட சொல்லி அதை எடுத்துக் குடும்மா."

லேபில் சாரிடம் கேட்டேன். உயிர்ப் பயத்தில் சிலருக்கு அப்படி நடக்கும், ஏன் என்று முழுசாகத் தெரியாது என்றார். பாயிடம் அதையே போய்ச் சொன்னேன்.

"அப்போ நான் பள்ளிவாசலுக்கு நடந்து போவணும்னா டெய்லி கடல் உள்ள வரணுமா?"

சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

2006-இல் ப்ராஜெக்ட் முடிந்தது. பரிசோதனை மருந்து கொடுத்த எலிகளில் சில நன்றாகவே நடந்தன; மனுஷருக்கு அது வர இன்னும் வருஷக்கணக்காகும். அதை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

பிறகு நாற்காலி. அப்புறம் கட்டில்... போன மாதம் மகன் போனை அவர் காதில் வைத்தான். மூச்சு மட்டும் கேட்டது. நான்தான் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தேன்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் இருக்கிற தூரத்திலிருந்து போய்ச் சேர முடியாது.

போய்ட்டு வாங்க பாய். நீங்க கேட்ட அந்தக் காலை... எங்க யாராலயும் எடுத்துக் குடுக்க முடியல.