கம்பவுண்டரின் நாலாவது வித்தை

அவரை எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவர். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து ஆட்கள் கத்துவார்கள், அழுவார்கள், அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவர் ஒரே குரலில், "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, கதவைத் தள்ளாதீங்க" என்பார். பதினான்கு வருஷமாக இதையேதான் சொல்கிறார். அவருக்குக் கோபம் வந்து பார்த்ததாகச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஒரு சாட்சி கிடையாது.

கம்பவுண்டர் என்ற பெயர் விளையாட்டில் வந்தது. மிருகங்களை வளர்த்து மோதவிடும் விளையாட்டு அது, கைபேசியில் ஆடுவது. இரண்டு பேர் ஒரு ஜோடி, ஆளுக்கு ஒரு மிருகம். ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் மிருகத்துக்கு ஒரு வித்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் திரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு மிருகத்துக்கு நாலே வித்தை. ஐந்தாவது வேண்டுமென்றால் இருக்கிற ஒன்றை மறக்கடிக்க வேண்டும். ஊரே நெருப்பு கக்குவதையும் இடி விழ வைப்பதையும் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தபோது நம் ஆள் பிடித்தது பஞ்சு என்கிற ஒரு உருண்டை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டே நிற்கும். அதற்கு அடிக்கவே தெரியாது. கூட்டாளியின் முன்னால் போய்க் காவல் நிற்கும், எதிராளியைத் தாலாட்டித் தூங்க வைக்கும், கூட்டாளிக்கு விசிறிவிட்டு வேகம் ஏற்றும், அடிபட்டால் மருந்து போடும், கம்பவுண்டர் என்ற பெயர் அதனால்தான். அவ்வளவுதான்.

கூட்டாளியின் மிருகம் கொடுக்கன். தேள் மாதிரி வால், எதைக் கண்டாலும் கொட்டும். அதை ஆடியது அவர் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "பிரேக்! பிரேக்!" என்று அவள் போடுகிற சத்தத்தில் அடுத்த தெருவில் போகிறவனும் பிரேக் போடுவான். இந்த இரண்டு பேரும் ஏழு வருஷம் ஜோடியாக ஆடினார்கள். பஞ்சு பக்கத்தில் நின்றால் கொடுக்கனைச் சாய்ப்பது லேசில்லை என்று விளையாடுகிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சே இருந்தது.

வீட்டில் விவகாரம் வேறு. அவருடைய அக்கா இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து இரண்டு வருஷம் தங்கினாள். மனைவி எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்தாலும் அக்காவுக்குக் குற்றம். மனைவி திருப்பிப் பேசுவாள். அக்கா அதற்கு மேல் பேசுவாள். கம்பவுண்டர் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வருவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா, பிள்ளை பெறாதவளுக்கு இவ்வளவு வாயா என்று கேட்டுவிட்டாள். மனைவி அக்காவைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தாள். இவர் குனிந்து இரண்டு பேருடைய டம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்த வாரம் அவள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக எதிர்த்து நின்னிருக்கீங்களா?" என்று வாசலில் கேட்டாள். ஆட்டோவில் பெட்டியைத் தூக்கி வைத்தவர் அவர்தான். சண்டை போட ஆள் இல்லாமல் போனதும் அக்காவுக்கும் அங்கே பொழுது போகவில்லை, மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பதினோரு மாதம். அவர் அழவில்லை. குடிக்கவில்லை. எழுந்தார், குளித்தார், போன் எடுத்தார், தூங்கினார். ஒரு முறை அலமாரிக் கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். வலி இருந்திருக்கும், யாருக்கோ வலிப்பது மாதிரி இருந்தது. எதுவுமே தெரியாமல் மரத்துப்போய்விட்டோமே என்று ஒரே ஒரு நாள் பயந்தார். பிறகு அந்தப் பயமும் மரத்துப்போனது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. போன வருஷம் சேர்த்து வைத்த புள்ளிகளால் அவர்கள் ஜோடிக்குப் பெரிய போட்டியில் இடம் கிடைத்திருந்தது. ஜோடியாகப் போனால்தான் உண்டு. அன்று சாயங்காலமே அவள் போன் செய்தாள்.

"வர்றீங்களா?"

"ம்."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் அன்னிக்கே உக்காந்து பேசி முடிச்சுடலாம். வக்கீல்கிட்ட பேப்பர் ரெடியா இருக்கு. கையெழுத்து போடறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. போடணும்னா சேர்ந்தே போட்டுடலாம்."

"சரி" என்றார் கம்பவுண்டர். போனை வைத்த பிறகு, ரொம்ப நேரம் கழித்து, அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பதினோரு மாதத்தில் அவர் எதையாவது வேண்டும் என்று நினைத்தது அதுதான் முதல் முறை.

மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? போனை எடுத்து, வந்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவிடம் இனிமேல் இப்படிப் பேசாதே என்று சொல்லிவிட்டு, அதை அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் என்றால், பஞ்சுவுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தார். பதினோரு நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் கைபேசியுமாக. முட்டு என்று ஒரு வித்தை. தலையைக் குனிந்து ஓடிப்போய் முட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பஞ்சு முதல் முறையாக எதிர்த்து நின்று ஒரு முட்டு முட்டினால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தார். நாற்பது வயது ஆளின் திட்டம் இது.

முட்டுக்கு இடம் வேண்டுமே, எதை மறக்கடிப்பது? பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். காவல் இல்லாமல் முடியாது, தாலாட்டும் விசிறியும் ஆட்டத்துக்கு ஆட்டம் தேவைப்பட்டிருந்தன. கடைசிப் பதினேழு ஆட்டத்தில் மருந்து போட்டது இரண்டே முறைதான். அந்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது அந்த மருந்தால்தான் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. மருந்தை மறக்கடித்தார்.

எந்த மிருகம், என்னென்ன வித்தை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. கூட்டாளியின் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம்தான். அவள் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக மாறாத பையில் என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்ப்பார்கள்?

ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் பெரிய கூடம். வரிசையாக மேசைகள், பெரிய திரைகள், காபி மெஷின் பக்கத்தில் ஒரு கூட்டம். அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார். நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்க நினைத்தார், அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆடும்போது கூட்டாளிகள் பேசக்கூடாது என்பது விதி. அவருக்கு அது சௌகரியம்.

முதல் இரண்டு ஆட்டமும் வழக்கம்போல ஓடின. இவர் விசிறினார், அவள் கொட்டினாள். முட்டுவதற்கு நேரமே வரவில்லை. மூன்றாவதில் எதிரே இரண்டு பேர், அண்ணன் தம்பி, டயர் கடை வைத்திருக்கிறவர்கள். தம்பியின் மிருகம் சீக்கிரம் சாய்ந்தது. அண்ணனுடையது பாறாங்கல் மாதிரி ஒன்று, அசைவது மெதுவாக, ஆனால் தரையை ஓங்கி மிதித்தால் எதிரே நிற்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து அடி விழும். மூன்று மிதியில், கொடுக்கனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க்கோடு சிவந்து நூல்போல ஆகிவிட்டது.

அந்தச் சுற்றில் அவள் யோசிக்கவே இல்லை. பெருங்கொட்டு என்கிற வித்தையைத் தேர்ந்தெடுத்தாள். இந்தச் சுற்றில் வாலைத் தூக்கினால், கொட்டு அடுத்த சுற்றில்தான் இறங்கும். இறங்கினால் பாறாங்கல் காலி. நடுவில் ஒரு மிதியைத் தாங்க வேண்டும், மருந்து விழுந்தால் தாங்கிவிடலாம். பஞ்சு மருந்து போடும். அவள் பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

அவள் தேர்ந்தெடுத்ததைக் கம்பவுண்டர் திரையில் பார்த்தார். காவல் போன சுற்றில்தான் போட்டது, அடுத்தடுத்துப் போட முடியாது. ஒரு முறை தூங்கி எழுந்ததை மறுபடி தாலாட்ட முடியாது. விசிறியால் பெருங்கொட்டு சீக்கிரம் இறங்காது. மிச்சம் முட்டு. முப்பது விநாடி கொடுப்பார்கள், அதில் இருபத்தெட்டு விநாடி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார்.

பஞ்சு தலையைக் குனிந்து ஓடியது. முட்டியது. கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாறாங்கல்லின் உயிர்க்கோடு ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. அது காலைத் தூக்கி மிதித்தது. தூக்கிய வாலோடு கொடுக்கன் சாய்ந்தது. தனியாக நின்ற பஞ்சு இன்னும் இரண்டு சுற்று முட்டிப் பார்த்துவிட்டு அதுவும் சாய்ந்தது.

அவள் எழுந்து அண்ணன் தம்பிக்குக் கை கொடுத்தாள். வெளியே வராந்தாவில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. அங்கே உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"மருந்து எங்க?"

"எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"முட்டு வைக்கறதுக்கு."

"யாரு கேட்டா அதை?"

"நீதான். எதிர்த்து நிக்கணும்னு அன்னிக்கு வாசல்ல..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அக்காகிட்ட எதிர்த்து நிக்கச் சொன்னேங்க. மருந்து போடறதை நிறுத்துங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்? உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்."

அவர் தலையாட்டினார். அவள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். பேனாவையும் எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"இப்பக் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

வேண்டாம். போடாதே. வீட்டுக்கு வா. மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. அவள் காத்திருந்தாள், முப்பது விநாடிக்கு மேலேயே காத்திருந்தாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ..." என்றார் கம்பவுண்டர்.

அவள் பேனாவைத் திறந்து குனிந்தாள். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, காகிதம் ஒரு பக்கம் எழுந்து எழுந்து படபடத்தது. எழுத முடியாமல் அவள் கை நின்றது. அவர் கையை நீட்டி, காகிதத்தின் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். நெஞ்சுக்குள் எங்கேயோ பிய்த்துக்கொண்டு வலித்தது, பதினோரு மாதத்தில் முதல் முறையாக, அவருக்கே வலித்தது. விரலை எடுத்திருக்கலாம். அவள் எழுதி முடிக்கும்வரை அவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.