காஜா பெராங் திடலுக்கு வராத இரண்டு கடிகாரங்கள்

கோலாலம்பூரில் மெர்டேக்கா கிண்ணக் கால்பந்து நடந்துகொண்டிருக்கிறது. டிசம்பரில் பாங்காக்கில் பல விளையாட்டுகள் சேர்ந்த விழா நடக்கவிருக்கிறது. இரண்டில் எதற்கு மக்களிடம் ஈர்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதும்படி ஆசிரியர் சொன்னார். அதனால் சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரில் காலை ரயில் ஏறினேன். மறுநாள் கோலாலம்பூரில் ஆட்டம். அதற்கு முன் மலாக்காவில், பாங்காக் போவதற்கான கடைசித் தேர்வு ஓட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று கணக்கு.

மலாக்காவுக்கு இப்போது ரயில் இல்லை. தம்பினில் இறங்கி இருபத்து நான்கு மைல் சாலையில் போக வேண்டும். பங்கு டாக்சியில் ஆளுக்கு ஒன்றரை வெள்ளி. டிரைவர் இஸ்மாயில் பாய் மலாக்காவின் தெங்கேராப் பகுதிக்காரர். வந்த காரணத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“ஓட்டத்துல என்னா சார் இருக்கு? பீடி பத்த வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். பந்துன்னா ரெண்டு பாதியும் தொண்ட கட்டுற வரைக்கும் கத்தலாம் லா.”

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேர்வு நடக்கும் காஜா பெராங் திடலுக்கு நடந்தே போனேன். ஊர் நடுவிலிருந்து ஒரு மைல்தான். போகும் வழியில் காப்பிக்கடையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கிடைக்கும். திடலில் புல் நனைந்திருந்தது. கால்பந்துக் கோடுகளின் மேல் குறுக்காகப் புதிய சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். அங்கே இரண்டே பேர் இருந்தார்கள்.

ஒருவர் சின்னத்தம்பி பிள்ளை. பக்கத்தில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர்களின் சிற்றூரான செட்டிக் கம்பத்தில் வசிப்பவர், ஓட்டப்பந்தயச் சங்கத்தின் நேரக் கணக்காளர். கழுத்தில் கறுப்பு நாடாவில் நிறுத்தக் கடிகாரம் தொங்கியது. அவர் வீட்டுப் பேச்சு மலாய். தமிழ் வார்த்தை ஒன்றிரண்டு ஊடே வரும். இன்னொருவர் தேவகி. இருபத்து நான்கு வயது, டெலிபோன் நிலையத்தில் வேலை. இருநூற்றிருபது கஜம் ஓடுபவர், அன்றைய தேர்வில் ஓட இருந்தவர் அவர் ஒருவர்தான். புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

“கோடு நீங்களே போட்டதா?” என்று தேவகியிடம் கேட்டேன்.

“வேற யாரு சார் போடுவா? வாரா வாரம் பந்துக்காரங்க என் கோட்டு மேல போடுவாங்க, நான் அவங்க கோட்டு மேல போடுவேன்.”

“கால்பந்து பிடிக்காதா?”

“பிடிக்கும் சார். அதுல எனக்கு எடம் இல்ல. பொண்ணுங்களுக்கு இது ஒண்ணுதான் கதவு.”

என் ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டரை ஆனது. ஒன்பதும் ஆனது. தேர்வு நேரம் செல்லுபடியாக மூன்று கடிகாரங்கள் வேண்டும். சங்கம் நியமித்த மூவர் பிடித்துக் கையெழுத்திட வேண்டும். மற்ற இருவரும் வரவில்லை. தேவகி சைக்கிளில் போய் அவர்கள் வீடுகளில் விசாரித்துவிட்டுத் திரும்பினார். காலை ஆறரைக்கே, கால்பந்து பார்க்கக் கோலாலம்பூர் போகும் தனி பஸ்ஸில் ஏறிவிட்டார்களாம். கடிகாரங்களும் அவர்களோடு போய்விட்டன. பெயர்ப் பட்டியல் திங்கட்கிழமை அனுப்பப்பட வேண்டும்.

என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். பிள்ளை அது செல்லாது என்று தலையை ஆட்டினார். “ஆப்பா போலே புவாட்,” என்றார். என்ன செய்ய முடியும் என்று அதற்கு மலாயில் அர்த்தம். மலாக்காவில் அன்று அதை நான் பல தடவை கேட்டேன்.

“ஓடிடுறேன் ஐயா. நீங்க ஒருத்தராவது புடிங்க,” என்றார் தேவகி.

பிள்ளை கைக்குட்டையை வீசினார். வளைவு தாண்டி நேர்க்கோட்டுக்கு வந்தபோது தேவகியின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. தகுதி நேரம் இருபத்தேழு விநாடி. பிள்ளையின் கடிகாரத்தில் முள் அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. தேவகி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி அதை நெடுநேரம் பார்த்தார்.

“அழிச்சிடுங்க ஐயா,” என்றார்.

பிள்ளையால் முடியவில்லை. தேவகியே பொத்தானை அழுத்தினார். முள் பூஜ்யத்துக்குப் போனது.

பத்து மணிக்கு இஸ்மாயில் பாயின் டாக்சியில் கிளம்பினேன். தொண்ணூறு மைலுக்குச் சற்று மேல், மூன்று மணி நேரம், ஆளுக்கு ஐந்து வெள்ளி. காலையில் நடந்ததைச் சொன்னேன். சிரம்பான் தாண்டியதும், “பாவம் லா அந்தப் பொண்ணு,” என்றார் பாய். பிறகு, “ஆட்டம் அஞ்சு மணிக்கா சார்?” என்று கேட்டார்.

அரங்கத்தில் எனக்கு இரண்டு வரிசைக்குக் கீழே ‘மலாக்கா’ என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒருவர் கழுத்தில் கறுப்பு நாடா. கையில் நிறுத்தக் கடிகாரம்.

“இன்னும் நாலு நிமிசம் இருக்கு! ரெஃப்ரி ஏமாத்தப் பாக்குறான்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய், காலையில் காஜா பெராங்கில் ஓட்டம் இருந்ததே என்றேன்.

“ஐயோ, நம்ம தேவகி!” அவர் முகம் மாறியது. பக்கத்திலிருந்த இன்னொரு நேரக் கணக்காளரைக் காட்டினார். “இவன் இருப்பான்னு நான் நெனச்சேன் சார். நான் இருப்பேன்னு இவன் நெனச்சிருக்கான்.”

“ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறுனப்ப ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கலையா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது.

“பாத்தோம். ஆனா பஸ் கெளம்பிடுச்சே,” என்றார் கடிகாரக்காரர். அவர் சிரிக்கவில்லை. அப்போது நம் ஆள் ஒருவன் பந்தை வலைக்குள் அடித்தான். அரங்கம் எழுந்தது. அவரும் எழுந்தார். நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எதற்கு ஈர்ப்பு அதிகம் என்ற கேள்விக்கு இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. தெரியாத பதினொரு பேருக்காகத் தொண்ணூறு மைல் போகிறோம். தெரிந்த பெண் ஒருத்திக்காக ஒரு மைல் நடக்க நம்மால் முடியவில்லை. அப்படிப் போகிறவர்கள் கெட்டவர்களாகவும் இல்லை. அதனால்தான் இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மலாக்காவிலிருந்து புறப்படும் தனி பஸ்ஸில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவையுங்கள். அரங்கத்தில் மேற்குப் பக்கம் நிழல் கிடைக்கும். குடை கொண்டுபோகாதீர்கள், பின்னால் இருப்பவர்கள் ஏசுவார்கள்.

காஜா பெராங் திடலில் தேர்வு ஓட்டம் பார்க்கச் சீட்டு தேவையில்லை. எவ்வளவு பேர் வந்தாலும் இடம் இருக்கும். அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தால் போதும்.