நைனா மூடிய ஜன்னல்கள்

என் நைனா ஜீவரத்தினம் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச்சொல்லி எங்கள் சர்ச் சபையில் கேட்டார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் எழுதுவேன். இன்றைக்குச் சித்தூரில் வக்கீல்கள் என் மெஸ்ஸில் இலைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அது படிப்பால் வந்ததில்லை. இந்தக் கையால் வந்தது.

மெஸ்ஸுக்கெல்லாம் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், நான் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரன். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் அடுப்புக்கும் எனக்கும் லீவு. மற்ற ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். நான் ஒரு வருஷம் அந்த லீவில் நைனாவும் அம்மாவும் இருந்த வீட்டைத் திருத்திக் கட்டப் போனேன். எங்கள் தெருவில் அதுவரை ஓட்டு வீடே கிடையாது. முதல் ஓடு நான் போட்டது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன.

புத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, நாகலாபுரம் சாலையில் மாட்டு வண்டி பிடித்து ஊருக்குப் போனால், அம்மா கிருபாவதி வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை, பனை ஓலைக் கூரை, ஜன்னல் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளாக அந்தப் புகையில்தான் ஆக்கினாள். புகையை விட்டு விலகாவிட்டால் ரொம்ப நாள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு ஓட்டைவிட ஜன்னல்தான் முக்கியம்.

நைனாவுக்கு ஓடு சம்மதம். ஜன்னல் ஆகாது.

"போறவன் வரவன்லாம் எட்டிப் பாப்பான். நாம இன்னா துன்றோம்னு ஊருக்கு எதுக்குடா தெரியணும்?"

"திருடியா துன்றோம் நைனா?"

"கறி ஆக்கினா, எவன் வூட்டு ஆட்டைக் காணோம்னு கேக்கறவன் இங்க இருக்கான். நீ சித்தூர்ல குந்திக்கினு பேசற."

அது பொய்யில்லை. ஒரு தடவை அப்படித்தான் கேட்டு, களத்து வெயிலில் பொழுது சாயும்வரை அவரை நிற்க வைத்திருந்தார்கள். ஆனால் அதற்காக அம்மா புகையில் சாக முடியுமா? நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் "இன்னாவோ செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி உமாபதி புத்தூர்த் தெலுங்கர். அவர் சுவர் எழுப்ப, நான் மண் மிதித்தேன், தண்ணீர் சுமந்தேன். கத்திரி வெயிலில் ஏரியில் சேறுதான் மிச்சம். ஒவ்வொரு குடமும் தூரத்துக் கிணற்றிலிருந்து வரவேண்டும். விடுதியில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒண்டியாகச் சோறு வடித்தவன் நான். அந்த எனக்கே சாப்பிடக் கை தூக்க முடியாமல் போயிற்று. லீவு கரைந்தது, வீடு உயரக் காணோம்.

சுவர் இடுப்பளவு வந்தபோது, புத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். போகும்போது மேஸ்திரியிடம் அவர் பாஷையிலேயே, "கிடிகீலு மூடு" என்று சொன்னேன். தெலுங்கில் கிடிகி என்றால் ஜன்னல், மூடு என்றால் மூன்று. என் தெலுங்கு சுத்தமான தெலுங்கு.

மேஸ்திரி ஜன்னலுக்கு மூன்று சந்து விட்டுத்தான் சுவரை முடித்தார். பிறகு ஊரில் கங்கம்மா ஜாத்திரை என்று கிளம்பினார். போகிற போக்கில் நைனாவிடம், "மீ அப்பாயி கிடிகீலு மூடு அன்னாடு", அதாவது உங்கள் பையன் ஜன்னல் மூன்று என்றான் என்று, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஓடு உடையாமல் வண்டியோடு நடந்தே திரும்பி வந்து பார்க்கிறேன்: நாலு பக்கமும் மொட்டைச் சுவர். மூன்று சந்தும் ஈர மண்ணால் அடைத்திருந்தது. நைனா முழங்கை வரை சேறோடு நின்றிருந்தார்.

"இன்னா நைனா இது?"

"நீதானடா சொல்லி வச்சிட்டுப் போன. கிடிகி மூடுன்னு மேஸ்திரி சொன்னான். மூடிட்டேன்."

"தெலுங்குல மூடுன்னா மூணு."

"நாம தமிழு. நம்ம வூட்டு ஜன்னலுக்கு எதுக்குத் தெலுங்கு?"

புளியமரத்தடியில் ஆக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "மாட்டுத் தரகன்கிட்ட ஒகடி, ரெண்டு, மூடுன்னு வாய் நெறய எண்ணுவாரு. இன்னிக்குத் தமிழாயிட்டாரு."

நைனா வண்டிப் பக்கம் போய் ஓட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்லா வெந்த ஓடுதான்," என்றார்.

சண்டை போட எனக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மேஸ்திரி வந்ததும் ஓடு வேய்ந்து, இடுக்கில் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம். லீவும் முடிந்தது.

கடைசி நாள் அம்மாவை மரத்தடியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே நான் அடுப்பு மூட்டினேன். நைனா சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்திக்கோ நைனா. எவனாவது பாக்கப் போறான்."

முறைத்துவிட்டுச் சாத்தினார். முன்பு ஓலையில் கசிந்து போன புகைக்கு இப்போது வழியில்லை. நான் அடுப்புக்காரன், தாங்குவேன். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தார். இரண்டு வாய் தின்றிருப்பார், எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"இன்னாய்யா, சோறு ருசியா கீதா?" என்றாள் அம்மா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "இத்தினி வருசமும் இதுலயா ஆக்கின?"

"நீ கழனிலேர்ந்து வர்றதுக்குள்ள பொகை போயிடும்."

நைனா வீட்டுப் பின்பக்கம் போனார். கடப்பாரையை எடுத்தார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. "நான் வச்ச மண்ணுடா." பின் சுவரில் அடைத்ததை இடித்தார். பக்கத்துச் சுவரில் இருந்ததை இடித்தார். மூன்றாவது ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடப்பாரையைச் சாய்த்து வைத்தார்.

"ரெண்டு போதும்."

நானும் போதும் என்றேன். என்னை மறுத்துப் பேசி ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். அன்று எனக்கு நிற்கவே முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சித்தூர் போகிற வண்டியில், திருப்பதியில் ஏறிய மொட்டைத்தலைக்காரர்கள் நடுவே நின்றபடியே தூங்கினேன்.

அம்மாவுக்கு இருமல் அடியோடு போகவில்லை. ஆனால் டாக்டர் கணக்கைத் தாண்டி, என் மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற வரைக்கும் இருந்தாள்.